கை மட்டும் தெரிந்த ஓவியர்கள்

தமிழில் காமிக்ஸ் படித்து வளர்ந்த யாரிடமாவது இரும்புக்கை மாயாவியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்துபோய் எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்து வரும் கட்டத்தை, நேற்றுப் பார்த்ததுபோலச் சொல்வார்கள். அவன் வேலை பார்த்த உளவு அமைப்பான நிழற்படை, விரல் நுனியிலிருந்து பாயும் தோட்டா, ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’ என்று வரிசையாக வரும். அப்புறம், அந்தப் படங்களை வரைந்தவர் யார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது. எனக்கும் வெகுகாலம் தெரியாது. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் தன் முதல் இதழாகக் கொண்டுவந்ததே மாயாவியின் கதைதான். அதன்பின் எத்தனையோ மறுபதிப்புகள் வந்தன. ஆனால் ஓவியர் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க எனக்கு வயது முப்பதைத் தாண்ட வேண்டியிருந்தது. இதில் சிவகாசியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லண்டனில் வந்த மூல இதழிலேயே அந்தப் பெயர் அச்சாகவில்லை.

அவர் பெயர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1919இல் பார்சலோனாவில் பிறந்து 1995இல் மறைந்தவர். ‘தி ஸ்டீல் கிளா’ என்ற தலைப்பில் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் 1962 அக்டோபரில் தொடங்கிய தொடரைத்தான் நாம் மாயாவி என்று அறிந்தோம். முதலில் கதை எழுதியவர் கென் புல்மர், பிறகு டாம் டல்லி. மாயாவியின் எல்லாக் கதைகளையும் பிளாஸ்கோ வரையவில்லை. பாக்கெட் அளவு நூலகங்களாக வந்த சிலவற்றை வேறு ஓவியர்கள் வரைந்தார்கள். ஆனால் மாயாவியான லூயிஸ் கிராண்டேலுக்கு முகம் கொடுத்தது அவர். அந்தக் கைக்கு உயிர் கொடுத்ததும் அவர்தான்.

ஓவியராக அவருக்கு வந்த சிக்கலை யோசித்துப் பாருங்கள். கதாநாயகன் கண்ணுக்குத் தெரியமாட்டான். முகபாவம் கிடையாது, நிற்கும் தோரணை கிடையாது, ஓடும் கால்கள் கிடையாது. இருப்பது ஒரே ஒரு கை. அதை வைத்தே அவன் கோபமாக இருக்கிறானா, பதுங்குகிறானா, களைத்துப் போனானா என்று காட்ட வேண்டும். பிளாஸ்கோ அந்தக் கையை நடிக்க வைத்தார். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் மிதக்கிறது என்பதை வைத்தே அவன் நிற்கிறானா, குனிந்திருக்கிறானா என்று தெரிந்துவிடும். விரல்கள் பாதி மடங்கியிருந்தால் ஒரு அர்த்தம், விறைத்து நீண்டிருந்தால் வேறு அர்த்தம்.

அந்தப் பக்கங்களில் ஒன்றை உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் புரியும். மனித முகங்களைப் பேனா முனையால் சின்னச் சின்னக் கோடுகளாக இழைத்திருப்பார். கன்னத்துக் குழிவு, கண்ணுக்குக் கீழே சோர்வு எல்லாம் அந்த இழைகளில் இருக்கும். எஃகுக் கையை அப்படி வரையமாட்டார். அங்கே தூரிகைதான். ஒரு பட்டை வெறும் வெள்ளைக் காகிதம், அதை ஒட்டி ஒரு பட்டை அடர்ந்த கறுப்பு, நடுவில் சாம்பலுக்கு இடமே இல்லை. உலோகம் பளபளப்பது அந்த ஒட்டுதலில்தான். ஒரே கட்டத்துக்குள் தோலுக்கு ஒரு முறை, இரும்புக்கு ஒரு முறை. மட்டமான நியூஸ்பிரிண்டில் அச்சடித்தபோது மெல்லிய இழைகள் மை பரவிக் குழம்பின. கறுப்பும் வெள்ளையும் மட்டும் அப்படியே தப்பித்தன. நம் கையில் வந்த பழைய பிரதிகளில் மற்றதெல்லாம் மங்கினாலும் அந்தக் கை மட்டும் மினுங்கிக்கொண்டே இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தத் திறமை திடீரென்று முளைத்ததில்லை. ஸ்பெயினில் சித்திரக்கதைக்கு நீண்ட வேர் உண்டு. 1917இல் பார்சலோனாவில் ‘TBO’ என்ற மூன்றெழுத்துப் பெயரில் ஒரு சிறுவர் இதழ் தொடங்கியது. அந்த எழுத்துகளை ஸ்பானிய மொழியில் வாசித்தால் ‘தெ-பெ-ஓ’ என்று ஒலிக்கும். ‘உன்னைப் பார்க்கிறேன்’ என்று சொல்வதும் அவர்கள் காதில் அதே ஒலிதான். இதழ் அவ்வளவு பரவியதால் ‘தெபேயோ’ என்ற சொல்லே எல்லாச் சித்திரக்கதை இதழ்களுக்கும் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஸ்பானிய மொழிக் கழகத்தின் அகராதியிலும் அது ஏறியது.

பிளாஸ்கோ பதின்ம வயதிலேயே தொழிலுக்கு வந்தவர். 1935இல் ‘கூட்டோ’ என்ற துடுக்கான சிறுவனைப் படைத்தார். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. 1939இல் ஃபிராங்கோ வென்று நாட்டின் சர்வாதிகாரியானார். அதற்குப் பிறகான வறண்ட ஆண்டுகளில் ‘சீக்கோஸ்’ என்ற இதழில் கூட்டோவின் சாகசங்கள் தொடர்ந்தன. அமெரிக்கச் செய்தித்தாள்களில் வந்த சாகசத் தொடர்களின் வெளிச்சமும் நிழலும், ஹாலிவுட் படங்களின் கேமரா கோணங்களும் அந்தப் பக்கங்களில் இறங்கியிருக்கும். பிளாஸ்கோவின் தம்பிகளும் தங்கையும் ஓவியர்கள். வேலை குவிந்தபோது குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்தது. நம் ஊரில் நெசவும் பொற்கொல்லர் வேலையும் வீட்டுக்குள்ளேயே கைமாறுவதுபோல அங்கே மையும் தூரிகையும் கைமாறின.

போருக்குப் பிந்தைய ஸ்பெயினில் தொலைக்காட்சி பரவாத காலத்தில் சிறுவர்களுக்கு இருந்த மலிவான பொழுதுபோக்கு தெபேயோதான். அகலவாக்கில் சில பக்கங்களே கொண்ட சாகசக் குறுநூல்கள் வாராவாரம் வந்தன. விக்டர் மோரா எழுத, அம்ப்ரோஸ் என்ற பெயரில் மிகேல் அம்ப்ரோசியோ வரைந்த ‘கேப்டன் ட்ருவேனோ’ 1956இல் தொடங்கி நாட்டையே பிடித்தது. தணிக்கை இன்னொரு பக்கம் நெரித்தது. கையிலிருந்த வாளை அழிக்கச் சொன்னார்கள், பெண்களின் உடையைக் கழுத்து வரை ஏற்றச் சொன்னார்கள். பதிப்பக உலகின் பெரும் சக்தியாக இருந்தது பார்சலோனாவின் புருகெரா. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதோடு முடிந்தது கதை. மூல ஓவியமும் உரிமையும் பதிப்பகத்துக்கு. 1957இல் எஸ்கோபார், சிஃப்ரே, கொன்டி, ஹினேர், பெஞ்ஞாரோயா என்ற ஐந்து நகைச்சுவை ஓவியர்கள் அங்கிருந்து வெளியேறிச் சொந்தமாக ‘தியோ விவோ’ என்ற இதழைத் தொடங்கினார்கள். நெடுநாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இதழ் புருகெராவின் கைக்கே போனது. பிற்காலத்தில் வலென்சியாவின் பாக்கோ ரோக்கா இந்த ஐவரின் கதையை ஒரு முழு நூலாக வரைந்தார். தொழிலாளர் போராட்டத்தைப் பற்றிய மிக அமைதியான சித்திரக்கதை என்று அதைச் சொல்வேன்.

இந்த இடத்தில்தான் லண்டன் உள்ளே வருகிறது. 1950களில் பிரிட்டனில் வார இதழ்கள் பெருகின. சிறுவர் இதழ், போர்க்கதை நூலகம், இளம்பெண்களுக்கான காதல் இதழ் என்று வாரம் தவறாமல் பக்கங்கள் நிரம்பியாக வேண்டும். அங்கே ஓவியர் பற்றாக்குறை. ஸ்பெயினிலோ ஓவியர்கள் ஏராளம், கூலி குறைவு. பவுண்டில் வரும் பணத்தைப் பெசேட்டாவாக மாற்றினால் உள்ளூர்ப் பதிப்பகம் தருவதைவிடப் பல மடங்கு. இந்த இரண்டையும் இணைத்தவை ஏஜென்சிகள். அவற்றில் புகழ்பெற்றது ஜோசெப் டூட்டெயின் 1953இல் பார்சலோனாவில் தொடங்கிய ‘செலெக்சியோனெஸ் இலுஸ்ட்ராடாஸ்’. லண்டனில் பார்டன் ஆர்ட் போன்ற ஏஜென்சிகளும் இதே வேலையைச் செய்தன.

வேலை நடந்த விதம் சுவையானது. லண்டன் எடிட்டர் ஆங்கிலத்தில் கதைக் குறிப்பை அனுப்புவார். ஏஜென்சியில் அதை ஸ்பானியத்துக்கு மாற்றுவார்கள். ஓவியர் பென்சில் போட்டு, மை போட்டு, பேச்சுப் பலூன்களுக்கு இடம் விட்டுக் கொடுப்பார். பார்சல் லண்டனுக்குப் போகும். எழுத்து அங்கேதான் ஏறும். தான் வரைந்த பாத்திரம் அந்தக் கட்டத்தில் சரியாக என்ன பேசியது என்பதை வரைந்தவரே படிக்க முடியாமல் போவது சகஜம். அந்தப் பக்கம்தான் இன்னொரு முறை மொழி மாறிச் சிவகாசிக்கு வந்தது. ஆங்கிலத்தில் யோசித்து, ஸ்பானியத்தில் புரிந்துகொண்டு வரைந்து, தமிழில் நாம் படித்தோம். மூன்று மொழியையும் தாண்டி ஒரு எழுத்துகூட மாறாமல் வந்து சேர்ந்தது படம் மட்டும்தான்.

பெயர் ஏன் வரவில்லை என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. ஓவியர் பெயரை அச்சிட்டால் வாசகர் அவரைத் தேடுவார், போட்டி இதழ் அவரை இழுக்கும், அவரும் கூலி கூடக் கேட்பார். பெயர் இல்லாவிட்டால் தொடர் இதழின் சொத்தாகவே இருக்கும். ஒருவர் நின்றுவிட்டால் இன்னொருவரை உட்கார வைக்கலாம். மூல ஓவியங்களைத் திருப்பித் தரும் பழக்கமும் அப்போது இல்லை. உடல் மறைந்து கை மட்டும் வேலை செய்யும் மனிதனை வாராவாரம் வரைந்த பிளாஸ்கோவின் நிலையும் அதுவாகத்தான் இருந்தது. இதை யோசிக்கும்போதெல்லாம் மனசுக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

அந்த ஏஜென்சி ஓவியர்களுக்கு நிஜமான பள்ளிக்கூடம் எது என்று கேட்டால், பிரிட்டிஷ் காதல் இதழ்கள் என்பேன். ‘வேலன்டைன்’, ‘மிராபெல்’, ‘ராக்ஸி’, ‘மேரிலின்’ போன்றவற்றை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அங்கே சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. ஒரு பெண் ஜன்னலருகே நிற்கிறாள், ஒருவன் கதவைத் திறக்கிறான், அவ்வளவுதான் கதை. அதைப் பக்கம் பக்கமாகச் சலிப்பில்லாமல் வரைய வேண்டுமானால் முகம் பேச வேண்டும். தலைமுடி விழும் விதம், கோட்டின் மடிப்பு, கழுத்துத் திரும்பும் கோணம் எல்லாவற்றிலும் உணர்ச்சி ஏற வேண்டும். நூற்றுக்கணக்கான பக்கங்கள் இப்படி வரைந்த கைகள்தான் பிறகு எந்த வகைக் கதைக்குப் போனாலும் மனித முகத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

அந்த வழியில் வந்தவர் பூரிட்டா கம்போஸ். 1937இல் பார்சலோனாவில் பிறந்தவர். 1971இல் ஒரு பிரிட்டிஷ் இதழில் தொடங்கிய ‘பேட்டிஸ் வேர்ல்ட்’ தொடரில் சாதாரண வீட்டுப் பெண் ஒருத்தியின் பள்ளி, தோழிகள், முதல் காதல் ஆகியவற்றை வரைந்தார். சில ஆண்டுகளில் புருகெரா அதை வாங்கி, கதாநாயகிக்கு எஸ்தேர் என்று பெயர் வைத்து ஸ்பெயினில் வெளியிட்டது. பார்சலோனாவில் வரைந்த பக்கம் லண்டன் போய், மொழிபெயர்ப்புக் கதையாகப் பார்சலோனாவுக்கே திரும்பி வந்தது. ஒரு தலைமுறைப் பெண்கள் எஸ்தேரோடு வளர்ந்தார்கள். 2006இல் எஸ்தேரை நடுவயதுப் பெண்ணாக்கிப் புதிய கதைகளை வரைந்தபோது அதே பெண்கள் மறுபடி வாங்கினார்கள். அட்டையில் அப்போது அவர் பெயர் இருந்தது. 2019இல் அவர் காலமானார்.

நமக்கு நெருக்கமான இன்னொரு கை என்ரிக்கே பதியா ரொமேரோவுடையது. லயன் காமிக்ஸ் 1984இல் ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடுதான் தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? மாடஸ்டி பிளைசி என்ற சாகச நாயகி 1963இல் லண்டன் செய்தித்தாள் ஒன்றில் தினத்தொடராக ஆரம்பித்தாள். பீட்டர் ஓ'டோனல் எழுத்து, ஜிம் ஹோல்டவே ஓவியம். 1970இல் ஒரு கதையின் நடுவிலேயே ஹோல்டவே இறந்துபோனார். தொடர் நிற்க முடியாது. நாளைக்கும் செய்தித்தாள் வரும், அதில் மூன்று கட்டம் வேண்டும். அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் பார்சலோனாவின் ரொமேரோ. 1978 வரை வரைந்தார். நடுவில் வேறு சிலர் வரைந்தார்கள். 1986இல் அவர் திரும்பி வந்து, 2001இல் தொடர் முடியும்வரை விடவில்லை. 38 ஆண்டுத் தொடரில் ஏறக்குறைய 23 ஆண்டு அவருடையது. ஹோல்டவே நுணுக்கமாகக் கோடு அடுக்குபவர். ரொமேரோ கோட்டைக் குறைப்பவர். மாடஸ்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தால் தோளிலிருந்து முழங்கால் வரை ஒரே இழுப்பு. அவள் ஆபத்தானவள் என்பது அந்த நிதானத்தில் தெரியும். எனக்கு மாடஸ்டி என்றாலே ரொமேரோவின் மாடஸ்டிதான். ஹோல்டவேயை உயர்த்திப் பேசும் நண்பர்களோடு இதற்காகப் பலமுறை வாதாடியிருக்கிறேன். 2024இல் ரொமேரோவும் போய்விட்டார்.

ஜோர்டி லோங்கரோனின் கதையும் விசேஷமானது. 1970 ஜனவரியில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் ‘ஃப்ரைடே ஃபாஸ்டர்’ என்ற தொடர் வந்தது. நியூயார்க்கின் ஹார்லெமைச் சேர்ந்த கறுப்பினப் பெண்தான் கதாநாயகி. அமெரிக்கா முழுக்கப் பல செய்தித்தாள்களில் வரும் ஒரு தொடரின் தலைப்பிலேயே கறுப்பினப் பெண் நின்றது அதுவே முதல்முறை. அந்த நியூயார்க் தெருக்களை லோங்கரோன் பார்சலோனாவில் உட்கார்ந்து வரைந்தார். பத்திரிகைப் படங்களும் புகைப்படங்களும்தான் துணை.

அமெரிக்கா பெரிய அளவில் திறந்தது 1971இல். ஜிம் வாரன் என்ற பதிப்பாளர் ‘க்ரீப்பி’, ‘ஈரி’, ‘வேம்பிரெல்லா’ என்ற கறுப்பு வெள்ளைத் திகில் இதழ்களை நடத்திக்கொண்டிருந்தார். டூட்டெயின் தன் ஓவியர்களின் பக்கங்களை அவரிடம் கொண்டுபோனார். அதன்பின் சில ஆண்டுகளுக்கு அந்த இதழ்களைப் பிரித்தால் பாதிக்கு மேல் ஸ்பானியப் பெயர்கள். ஆம், பெயர்கள்! வாரன் இதழ்களில் ஓவியர் பெயர் அச்சானது. அமெரிக்க வாசகர்கள் அவர்களைத் தேடிப் பிடித்தது அதனால்தான். ஹோசே கொன்சாலெஸ் வேம்பிரெல்லாவை வரைந்தார். காதல் இதழ்களில் பழகிய அதே மென்மையான முகம், இப்போது ரத்தம் குடிக்கும் பெண்ணுக்கு. பயமும் பரிவும் ஒன்றாக வரும். எஸ்தெபான் மரோட்டோ பக்கத்தையே கட்டங்களிலிருந்து விடுவித்தார். தலைமுடி ஒரு கட்டத்தில் தொடங்கி அடுத்த கட்டத்தின் மேகமாகும். அமெரிக்கப் பதிப்பகமான மார்வெலின் வாள்வீராங்கனை ரெட் சோன்யாவுக்குப் புகழ் சேர்த்த அந்த உலோக உடையும் அவர் வரைந்து அனுப்பிய படத்திலிருந்து வந்ததுதான். ஹோசே ஓர்ட்டிஸ், லூயிஸ் பெர்மெஹோ, லூயிஸ் கார்சியா, அட்டைக்கு சான்ஹூலியான் என்று பட்டியல் நீளும்.

இத்தனை பேரும் அடுத்தவர் கதைக்கே வரைந்துகொண்டிருந்தார்கள். 1975இல் ஃபிராங்கோ இறந்த பிறகுதான் ஸ்பெயினில் சொந்தக் கதை சொல்லக் காற்று வந்தது. அங்கே முதலில் நினைக்க வேண்டியவர் கார்லோஸ் ஹிமேனெஸ். 1941இல் மாட்ரிட்டில் பிறந்தவர். தந்தை இறந்து, தாய் காசநோயில் விழுந்ததால் ஃபிராங்கோ ஆட்சியின் ‘சமூக உதவி’ விடுதிகளில் வளர்ந்தார். அந்தப் பசியையும் அடியையும் ‘பராக்குவெயோஸ்’ என்ற தொடராக 1970களின் நடுவில் வரையத் தொடங்கினார்.

முதன்முதலாக அதைப் பார்த்தபோது எனக்குச் சட்டென்று புரிந்தது அந்தக் கண்கள்தான். பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள், மூச்சுவிட இடமில்லாமல் அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் மொட்டை அடித்த, காது விடைத்த சிறுவன். தலை பெரிது, கழுத்துக் குச்சி, கண்கள் முகத்தில் பாதி. வார்டன் வரும்போது அந்தக் கண்கள் கீழே போகும், ரொட்டி வரும்போது மேலே வரும். பின்னணியில் வெள்ளைச் சுவர், அதற்குமேல் ஒன்றுமே இல்லை. ஏஜென்சியில் பளபளப்பான முகங்களை வரைந்த அதே கை, தன் சொந்த வாழ்க்கை என்று வந்ததும் அழகையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டது. ஆரம்பத்தில் ஸ்பெயினில் பெரிய வரவேற்பில்லை. பிரான்ஸ் அதைக் கொண்டாடியது. 1981இல் அங்கே ஆங்குலேம் சித்திரக்கதை விழாவில் பரிசு கிடைத்தது.

ஹிமேனெஸ் இன்னொரு பெரிய உதவியும் செய்தார். ‘தொழில்காரர்கள்’ என்று பொருள்படும் தலைப்பில், 1960களின் பார்சலோனா ஏஜென்சி ஸ்டுடியோவை அப்படியே வரைந்து வைத்தார். கெடு நெருங்க நெருங்க இரவெல்லாம் மை போடுவது, ஒருவர் பக்கத்தை இன்னொருவர் முடித்துக்கொடுப்பது, சம்பளத்தன்று நடக்கும் கூத்துகள் எல்லாம் அதில் இருக்கின்றன. பெயரில்லாமல் உழைத்தவர்களுக்கு அவர்களில் ஒருவரே எழுதிய வரலாறு அது. ஹோசே கொன்சாலெஸின் வாழ்க்கையையும் பிறகு பல பாகங்களாக வரைந்தார்.

பிரிட்டனிலும் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1977இல் ‘2000 ஏடி’ இதழ் தொடங்கியது. அதன் நட்சத்திரம், எதிர்கால நகரமொன்றின் காவலனும் நீதிபதியுமான ஜட்ஜ் ட்ரெட். அவனுக்கு உருவம் கொடுத்தவர் சரகோசா மாகாணத்துக்காரரான கார்லோஸ் எஸ்கேரா. தோளில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பெரிய கழுகு எங்கிருந்து வந்தது? அவர் பிறந்து வளர்ந்த ஃபிராங்கோ ஸ்பெயினின் சின்னத்திலிருந்து. வாழ்நாளில் பார்த்த அதிகாரத்தை அந்தச் சீருடையில் தைத்துவிட்டார். ஆனால் அச்சில் வந்த முதல் ட்ரெட் கதையை வேறொருவர் வரைந்திருந்தார். மனம் நொந்த எஸ்கேரா அந்தப் பாத்திரத்தைவிட்டே விலகினார். சில ஆண்டுகள் கழித்து, 1982இல் ‘அபோகலிப்ஸ் வார்’ என்ற நீண்ட கதை முழுவதையும் தனியாக வரைந்து திரும்பினார். அவர் கோட்டை எந்தக் கூட்டத்திலும் கண்டுபிடித்துவிடலாம். உருவத்தின் வெளிக்கோடு வழுவழுப்பாக ஓடாது, ரம்பப் பல்லைப்போல வெட்டி வெட்டி நிற்கும். அந்த இதழ்தான் ஆரம்ப ஆண்டிலேயே எழுதியவர், வரைந்தவர், எழுத்துப் பொறித்தவர் பெயர்களைச் சின்னப் பெட்டியில் போடத் தொடங்கியது. வெகுகாலமாகப் பெயரே இல்லாமல் ஓடிய பிரிட்டிஷ் வார இதழ் உலகத்துக்கு அது பெரிய உடைப்பு.

ஜோர்டி பெர்னெட்டைச் சொல்லாமல் விட்டால் ரசிகர்கள் என்னை விடமாட்டார்கள். அப்பாவும் ஓவியர். அவர் 1960இல் இறந்தபோது பதினைந்து வயதுப் பையன் அப்பாவின் ‘டோஞ்ஞா உராக்கா’ தொடரைக் கையில் எடுத்தான். 1980களின் தொடக்கத்தில் சான்செஸ் அபூலி எழுதிய ‘டார்ப்பிடோ 1936’ல் அந்தக் கை உச்சத்துக்குப் போனது. நியூயார்க்கின் கூலிக் கொலைகாரன் ஒருவனின் கதை. முதல் இரண்டு கதைகளை அமெரிக்க மேதை அலெக்ஸ் டோத் வரைந்தார். கதையின் இருட்டு தனக்கு ஒத்துவராது என்று விலகிக்கொண்டார். டோத் காலி செய்த நாற்காலியில் உட்கார எவ்வளவு துணிச்சல் வேண்டும்! பெர்னெட் உட்கார்ந்தார், அந்த நாற்காலியைத் தன்னுடையதாக்கினார். மழை பெய்யும் தெருவைப் பத்துப் பதினைந்து தூரிகை இழுப்புகளில் முடித்துவிடுவார். மீதியை நம் கண்ணே வரைந்துகொள்ளும்.

டெக்ஸ் வில்லர் ரசிகர்களுக்கு ஒரு செய்தி. கௌபாய் நாயகன் டெக்ஸ் இத்தாலியரின் படைப்பு. ஆனால் 1990களில் அதன் பெரிய அளவுச் சிறப்பிதழ்களை வரைய அழைக்கப்பட்டவர்களில் விக்டர் டெ லா ஃபுவென்டே, ஹோசே ஓர்ட்டிஸ், பெர்னெட் மூவரும் உண்டு. ஓர்ட்டிஸ் அதற்குப் பிறகும் நிறைய டெக்ஸ் கதைகளை வரைந்தார். நம் மாயாவியின் பிளாஸ்கோவும் தன் கடைசி ஆண்டுகளில் டெக்ஸை வரைந்தார்.

இப்போதைய தலைமுறைக்கு ஏஜென்சி தேவைப்படவில்லை. காடிஸ் மாகாணத்தின் கார்லோஸ் பச்சேகோ 1990களில் நேராக மார்வெலுக்குப் போய் முன்னணி ஓவியரானார். வயதில் இளையவர்கள் பலர் அந்தப் பாதையில் நடந்தார்கள். கிரனாடாவின் ஹுவான்ஹோ குவார்னிடோ, பாரிஸ் அருகே டிஸ்னி ஸ்டுடியோவில் வேலை பார்த்தவர். ஹுவான் டியாஸ் கனாலெஸ் எழுத, 2000இல் அவர் தொடங்கிய ‘பிளாக்சாட்’ விலங்கு முகங்கள் கொண்ட துப்பறியும் கதை. எல்லாம் நீர்வண்ணம். பூனை முகத்தில் துக்கத்தைக் கொண்டுவருவது எப்படி என்று அந்த முதல் ஆல்பத்தைப் பல நாள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். காது சாயும் கோணமும் மீசைக்குக் கீழே விழும் ஒரு சின்ன நிழலும்தான். முகத்தை விட்டுக்கொடுக்காத பழைய பார்சலோனா வழக்கம் இங்கேயும் இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் இதழ்களின் உரிமை பல கை மாறி, கடைசியில் ‘2000 ஏடி’யை நடத்தும் ரெபெல்லியன் நிறுவனத்திடம் வந்தது. அவர்கள் அந்தக் கதைகளை ஒவ்வொன்றாகப் புத்தகமாக்கி வருகிறார்கள். ஸ்டீல் கிளாவும் வந்தது. என் பிரதி பார்சலில் வந்த அன்று, உள்ளே புரட்டுவதற்கு முன்னால் அட்டையைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுதியவர் பெயருக்குப் பக்கத்தில் ஹெசூஸ் பிளாஸ்கோ என்று அச்சாகியிருந்தது. அப்புறம் அலமாரியிலிருந்து ஓரம் கிழிந்த பழைய மாயாவியை எடுத்து, இரண்டிலும் ஒரே கட்டத்தைத் தேடிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நியூஸ்பிரிண்டில் மை பரவிக் குழம்பியிருந்த இடத்தில், புதிய தாளில் கிராண்டேலின் கண்ணுக்குக் கீழே ஏழு மெல்லிய கோடுகள் இருந்தன.